அனுப்பப்படாத மூன்று நினைவூட்டல்கள்

லூர்துவின் வேலையைப் பறித்தது ஏஐ அல்ல. நான்தான்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடங்கள் ஆகியிருக்கின்றன. அதுவும் முகம் தெரியாத உங்களிடம்... தெரிந்தவர் ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் தூத்துக்குடிப் பக்கம் என்றால் இந்தக் கதை வேறு விதமாக உங்கள் காதில் விழுந்திருக்கலாம். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் ஏஐ வந்ததாம், பதினெட்டு வருடம் வேலை பார்த்த மனிதரை ஒரே நாளில் தூக்கிவிட்டதாம் என்று. டீக்கடையில் பேசினார்கள். தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மைகளோடு சுற்றியது. எல்லா இடத்திலும் நானும் சேர்ந்து தலையாட்டினேன். சில இடங்களில் பேச்சை ஆரம்பித்து வைத்ததே நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்கு ஆட்களை அனுப்பும் ஒரு தனியார் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் ஏரல் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். கடலோரத்துக்கு வேலைக்காக வந்தவள். எங்கள் ஆட்கள் செய்வது லாஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர் பெட்டிகள் நடுக்கடலில் சரிந்துவிடாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவதும், வந்த கப்பலில் அவற்றை அவிழ்ப்பதும். ஒரு கேங்குக்குப் பதினோரு பேர்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மருத்துவச் சான்றிதழ் வந்தால் டாக்டர் கையெழுத்தைப் பழையதோடு வைத்துப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையைக் காட்டி லீவு கேட்டால் அன்றைக்கு முகூர்த்தம் உண்டா என்று காலண்டரைப் புரட்டுவேன். ஒரே சித்தப்பாவின் சாவுக்கு இரண்டு முறை லீவு வாங்கப் பார்த்த ஆளைக் கண்டுபிடித்தவள் நான். அதை வீட்டிலும் நாலு பேரிடமும் சொல்லிச் சிரித்ததுண்டு.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஏஐ வந்தபோது எங்கள் அலுவலகத்தில் எச்.ஆருக்கு மூன்று பேர் இருந்தோம். வருட மதிப்பீட்டை எழுத ஒருவர், பயிற்சிக்கு ஒருவர், வருகைப் பதிவுக்கு நான். அது மூன்று வேலையையும் செய்யும் என்றார்கள். செய்தது. மூன்றே மாதத்தில் மற்ற இருவரும் போய்விட்டார்கள். அவர்களுக்கு வழியனுப்பு விழா நடத்தி கேக் வெட்டினோம். கேக்கின் மேல் என்ன எழுதலாம் என்று கேட்டபோது அந்த வாசகத்தையும் அதுவே கொடுத்தது.

என்னை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? எனக்கு இன்று வரை தெரியாது. கேட்கவும் பயம்... கேட்டால் யாராவது உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு தொழிலாளியின் போனிலும் ஒரு செயலியைப் போட்டோம். தமிழிலேயே கேள்வி கேட்கும். காற்று பலமாக அடிக்கும்போது முதலில் என்ன செய்வீர்கள்? கூட வேலை செய்பவர் தலைக்கவசம் போடாவிட்டால் என்ன சொல்வீர்கள்? அடுத்து எந்த வேலையைக் கற்க ஆசை? இவர்கள் பதிலைத் தட்ட வேண்டும். அதைப் படித்து ஆளுக்குத் தகுந்த பாடத்தை அதுவே எழுதித் தரும். பிறகு மறுபடியும் கேள்வி. இப்படிப் பன்னிரண்டு பாடம். கடைசியில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதி எனக்கும் சென்னைக்கும் அனுப்பும்.

அந்தக் குறிப்புகளில் 'வளர்ச்சி' என்ற சொல் வரிக்கு வரி வரும். வளர்ச்சி விருப்பம், வளர்ச்சி வாய்ப்பு, வளர்ச்சி வேகம்... இத்தனை அக்கறையாக யாராவது பேசினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது நம்மை வளர்க்க வந்ததா, அளந்து பார்த்துக் கழிக்க வந்ததா? என்னையும் எங்காவது அளந்துகொண்டிருக்கிறதா?

வீடியோ கூட்டம் ஒன்றில் சென்னை அதிகாரி சொன்னார்: "உங்க இடம் மட்டும்தான் பாக்கி. மத்த போர்ட்ல எல்லாம் முடிச்சிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள நூறு சதவீதம் வேணும்."

பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிய குறிப்புதான் அங்கே ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. "கண்டிப்பா சார்" என்றேன்.

மறுநாள் காலையிலேயே லூர்து இருந்த கேங்கின் ஷெட்டுக்குப் போனேன். பிந்திக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். நாலு வார்த்தை கடுமையாகப் பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

ஷெட்டில் லூர்து மட்டும் இருந்தார். மற்றவர்கள் கப்பலில். அவருக்கு முன்னால் ஒரு அட்டையை விரித்து, அதில் பத்து போன்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் துண்டுச் சீட்டில் பெயர். ஒரு போனை எடுப்பார், பக்கத்தில் இருந்த நோட்டைப் பார்ப்பார், மெதுவாகத் தட்டுவார், கீழே வைப்பார், அடுத்ததை எடுப்பார்.

லூர்துவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பிளஸ் டூ வரை படித்தவர் அந்தக் கேங்கில் அவர் ஒருவர்தான். பாதுகாப்பு மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அது அவருக்குத்தான் என்று ஷெட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் வீட்டிலும் சொல்லிவிட்டார் என்று கேள்வி.

"என்னண்ணே இது?" என்றேன்.

அவர் ஒளிக்கவில்லை. எழுந்து நின்று, "பயலுவளுக்கு இதுல எழுத வராது மேடம். நானே போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரிதான் சொன்னார்.

"அவங்க பதில அவங்கதான எழுதணும்?"

"பதிலு அவங்களோடதுதான். சோறு திங்கும்போது ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டு இதுல குறிச்சிருக்கேன். தட்டுததுதான் நான்."

நோட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பத்து பேருக்கும் தனித்தனிப் பக்கம். காயல்பட்டினத்து இஸ்மாயில் என்கிற இளைஞன் எந்த வேலையைக் கற்க ஆசை என்ற கேள்விக்குக் கிரேன் என்று சொல்லியிருந்தான். அடைப்புக்குள், 'சிரிக்காமக் கேட்ட பிறகு சொன்னான்' என்று லூர்து எழுதியிருந்தார். இன்னொருவர், உயரத்தில் நின்றால் காதுக்குள் இரைச்சல் கேட்கிறது, இதை யாரிடமும் சொன்னதில்லை என்று சொல்லியிருந்தார். பதினைந்து வருடமாக எச்.ஆரில் இருக்கிறேன். அந்தப் பத்து பேரிடம் நான் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டது கிடையாது.

"உங்களோடது எங்க?" என்றேன்.

"என்னோடது கடைசிலதான்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "எங்கப்பா சங்கு குளிக்கப் போன ஆளு. வள்ளத்துல ஒருத்தர் கயித்தப் பிடிச்சிக்கிட்டு மேலயே நிப்பாரு. கீழ முங்குனவன் அத்தன பேரும் ஏறுத வரைக்கும் அவரு தண்ணில எறங்கக் கூடாது. பங்கு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணு. எங்க கேங்குலயும் அப்படித்தான் மேடம். பேப்பர் வேல எல்லாம் எங்கிட்ட. எனக்குன்னு பாக்குதது எல்லாரோடதும் முடிஞ்ச பெறவுதான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இது செல்லாது, ஒவ்வொருவரும் தாங்களே சொல்லட்டும், வேண்டுமானால் நான் கூட உட்காருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மாசக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. என் மனதில் நூறு சதவீதம் என்ற ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னது இதுதான்: "சரிண்ணே. அவங்களோடத முதல்ல முடிங்க. உங்களோடத நான் பிறகு பாத்துக்கிடுதேன்."

அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் தன் போனைத் தொடவில்லை. சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்... அவர் மறக்கவில்லை, சோம்பல்படவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அவரது பன்னிரண்டு பாடங்களும் திறக்கப்படாமலேயே கிடந்தன. நான் சென்னைக்கு அனுப்பிய கடிதத்தில் 'நேரில் சென்று ஆய்வு செய்தேன், பணி முழுமையாக நிறைவடைந்தது' என்று எழுதினேன். ஒரு ஆள் குறைந்தால் நூறு சதவீதம் எப்படி வரும் என்று கேட்கிறீர்களா? அவர் பெயரை 'விடுப்பில் இருப்பவர்' பட்டியலில் தள்ளிவிட்டேன். லீவு விஷயத்தில் எனக்குத் தெரியாத தில்லுமுல்லு இல்லை.

சென்னை பாராட்டியது. தொழிலாளர்கள் மனதுக்குள் வைத்திருந்த ஆசைகளை ஏஐ வெளியே கொண்டுவந்துவிட்டது என்று அந்தக் கேங்கை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். இஸ்மாயிலைக் கிரேன் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காதுக்குள் இரைச்சல் கேட்டவரைக் கீழே நின்று பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். எல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் லூர்து கேட்டுக் குறித்தவை. எனக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த உத்தரவு வந்தது. ஒவ்வொரு கேங்கிலும் பதினொன்று இனி பத்து. யாருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்பதை அந்த வளர்ச்சிக் குறிப்புகளை வைத்து முடிவு செய்து, ஒப்புதலோடு கடிதம் தயாரித்து அனுப்பவும். ஒப்புதல் என்றால் என் கையெழுத்து.

ஏஐயைத் திறந்து, லூர்துவின் கேங்கில் யார் என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். பத்து பேரின் குறிப்புகளும் பளபளவென்று இருந்தன. லூர்துவுக்கு ஒன்றுமே இல்லை. 'வளர்ச்சி விருப்பம் காணப்படவில்லை' என்று வந்தது.

ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பத்தியும் வந்தது.

இந்தக் கேங்கின் பத்து பேருடைய பதில்களும் ஒரே நேரத்தில், ஒரே எழுத்துப் பழக்கத்தோடு வந்திருக்கின்றன. ஒருவரே மற்றவர்களுக்காக எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. பதில் எதுவும் தராத பதினோராவது நபரிடம் நேரில் பேசிய பிறகு முடிவெடுப்பது நல்லது. சாரம் இதுதான், சொற்கள் இதைவிட மரியாதையாக இருந்தன.

இயந்திரத்தின் மேல் அத்தனை நாள் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அது என்னை மோப்பம் பிடித்துவிட்டது. இந்தப் பத்தி சென்னைக்குப் போனால் என் நூறு சதவீதம் என்ன ஆகும்? நேரில் ஆய்வு செய்தேன் என்று எழுதிக் கொடுத்தவள் யார்? மூன்று பேரில் மிச்சம் இருப்பவளும் போகட்டும் என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் தட்டினேன்: 'கடைசிப் பத்தி தேவையில்லை, நீக்கிவிடு. லூர்துவுக்கான கடிதத்தை மட்டும் உறுதியான தொனியில் எழுது. போதிய வாய்ப்பு தரப்பட்டது என்று சேர்த்துக்கொள்.'

மறுகணமே கடிதம் வந்துவிட்டது. அழகான தமிழ். 'தங்களின் நீண்டகாலப் பங்களிப்பைப் பெரிதும் மதிக்கிறோம்' என்று தொடங்கியது. நடுவில் ஒரு வரி: 'மூன்று முறை நினைவூட்டியும் தாங்கள் பயிற்சியில் பங்கேற்கவில்லை.'

மூன்று முறையா? யார் நினைவூட்டியது? நான் வாய்ப்பு என்றுதான் சொன்னேன், மூன்று என்று சொல்லவில்லை. அதுவாகவே ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருந்தது. ஒரு தடவைகூட அவருக்கு நினைவூட்டல் போகவில்லை. விடுப்புப் பட்டியலில் இருப்பவருக்கு எப்படிப் போகும்?

அந்த வரியை நான் அடிக்கவில்லை. படித்துப் பார்த்தேன், வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இன்றைக்கும் அதன் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு தரம் எச்சரித்ததே, இரண்டாம் தரம் ஏன் எச்சரிக்கவில்லை? என் பழைய சகாக்களில் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கேட்டிருந்தால் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பார். மத்தியானம் எழுதுகிறேன் என்று இழுத்தடித்திருப்பார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் வெட்கம் வந்திருக்கலாம்... வராமலும் போயிருக்கலாம். பார்த்தீர்களா, ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் பாதிப் பழியை அதன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

கடிதத்தை லூர்துவின் கையில் கொடுத்த அன்று அவர் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே படித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மூணு தடவன்னு போட்டிருக்கு. எனக்கு ஒண்ணும் வரலையே மேடம்."

"சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுதுண்ணே."

"எம் பாடத்த பெறவு பாத்துக்கிடுதேன்னு நீங்கதான சொன்னிய?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். அப்போது ஒரு வார்த்தை போதும், ஆமாம் என்று. நான் கம்ப்யூட்டரைக் கை காட்டினேன்.

"என் கையில ஒண்ணுமே இல்லண்ணே. அது ஏஐ போட்ட லிஸ்ட். சென்னையிலயும் அதத்தான் பாப்பாங்க."

அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தேற்றினார். ஆமாம், அவர் என்னைத் தேற்றினார். "சரி விடுங்க. மெசினு போட்டதுக்கு நீங்க என்ன செய்விய."

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பயத்தில் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். மறுநாள் இஸ்மாயில் கேங்கில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"மேடம், நாங்க சென்னைக்கு எழுதிக் குடுக்குதோம். எங்க பத்து பேருக்கும் எழுதுனது லூர்து அண்ணன்தான்னு. அவரு ஒண்ணும் தெரியாதவரு இல்ல, எங்களுக்கே அவருதான் சொல்லித் தந்தாரு. அதப் போட்டா அண்ணனத் திரும்ப எடுத்துருவாவல்லா?"

எடுத்திருப்பார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். எடுத்துவிட்டு என்னை அனுப்பியிருப்பார்கள்.

நான் கதவைச் சாத்தினேன். குரலைத் தாழ்த்தி, மிகவும் அக்கறையாகப் பேசினேன். அது ஆள்மாறாட்டம் என்றேன். வெளியே தெரிந்தால் எழுதினவர் மட்டுமல்ல, எழுதிக்கொண்ட பத்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றேன். உன் கிரேன் பயிற்சியும் போய்விடும் என்று இஸ்மாயிலைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். அந்த ஆசை அவனுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு எப்படித் தெரியும்? லூர்துவின் நோட்டில் படித்ததுதான்.

அவன் முகம் வாடியது. ஆனாலும், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரோம்" என்றான்.

அவர்கள் போய்ச் சேருவதற்குள் நான் லூர்துவுக்குப் போன் செய்தேன். "அண்ணே, நீங்க வாயத் தெறந்தா பத்து பேரு போயிருவாங்க. யோசிச்சுக்கிடுங்க" என்றேன். "பயலுவள ஒண்ணும் பண்ணிராதிய மேடம். நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். இஸ்மாயில் திரும்ப வரவில்லை. லூர்து எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதை ஊரில் கிளம்பியது. இயந்திரம் மனிதனைத் தின்றுவிட்டது என்று. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! சங்கத்துக்காரர்கள் வாசலில் நின்று ஏஐ ஒழிக என்று கோஷம் போட்டார்கள். அவர்களுக்கு நான் மோர் வாங்கிக் கொடுத்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு என்னைப் பேச அழைத்தார்கள். ஏஐ காலத்தில் மனிதவளம் என்று தலைப்பு. லூர்துவின் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். எந்த முடிவையும் இயந்திரத்திடம் விட்டுவிடக் கூடாது, நடுவில் மனசாட்சி உள்ள ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். முன்வரிசையில் ஒரு மாணவி கண்ணைத் துடைத்தாள். அந்த நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர் யார் என்று அவள் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை...

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன மாதம் லூர்து கூப்பிட்டார்.

"மேடம், நல்லாருக்கியளா? இங்கன ஒரு கம்பெனியில பாதுகாப்பு மேற்பார்வைக்கு ஆள் கேக்காவ. நேர்ல பேசியாச்சு. அவியளுக்குத் திருப்திதான். பழைய கம்பெனில ஒருத்தர்ட்ட விசாரிக்கணும்னாவ. உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன்."

"என் நம்பரையா?"

"வேற யாரக் குடுப்பேன்? அன்னைக்கு எனக்காக வருத்தப்பட்டது நீங்க ஒருத்தருதான."

அன்றைக்கே ஒரு தாளை எடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். பதினெட்டு வருடத்தில் அவர் இருந்த கப்பலில் ஒரு விபத்துகூட இல்லை. சக தொழிலாளிகள் மனதில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். அவரை விட்டது தவறான முடிவு, அந்த முடிவு என்னுடையது. கடைசி வரியை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். வேறு கம்பெனி, வேறு ஆள். சொன்னால் எனக்கு என்ன வந்துவிடும்?

நாலு நாள் கழித்து முற்பகலில் போன் வந்தது. இளம் பெண்ணின் குரல், மரியாதையான குரல்.

"ரெண்டு நிமிஷம்தான் மேடம். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகும், எங்க ஏஐ கேட்டு நோட்ஸ் எடுத்துக்கிடும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். தாள் என் முன்னால்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பதிவு எங்கே போகும்? யார் கேட்பார்கள்? நான் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு எதனோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும்? என் குரல், என் பெயர், நானே சொன்ன வார்த்தை... சுற்றிச் சுற்றி ஒரு நாள் எங்கள் சென்னைக்கு வந்துவிடாது என்று என்ன நிச்சயம்?

"லூர்து சாரோட ஒப்பந்தத்த ஏன் புதுப்பிக்கல?" என்று கேட்டாள்.

நான் தாளைப் பார்த்தேன். என் வாயில் வந்தது இரண்டு வருடம் பழகிப்போன வாக்கியம்.

"அது... எங்க ஏஐ எடுத்த முடிவு."

"ஓ. யாரும் தனிப்பட்ட முறையில எடுத்ததில்லையே? சூப்பர்வைசர் யாரோடயும் சண்ட சச்சரவு, அப்படி ஏதும்?"

"இல்ல. ஏஐதான்."

அவள் குரலில் ஒரு தெளிவு வந்தது. "அப்பச் சரி மேடம். ஆளுங்க எடுத்த முடிவுன்னா நாங்க அப்படியே நம்பிற மாட்டோம், பிடிக்காம அனுப்பியிருப்பாங்களோன்னு. அவரு நேர்ல அவ்வளவு நல்லாப் பேசினாரு, அதான் எங்களுக்கும் குழப்பமா இருந்துச்சு. சிஸ்டம் சொல்லியிருக்குன்னா அதுல பாரபட்சம் இருக்காதுல்ல. நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம். ரொம்ப நன்றி."

போன் வைக்கப்பட்டுவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

புரிகிறதா உங்களுக்கு? மனிதர் எடுத்த முடிவு என்று நான் சொல்லியிருந்தால் போதும். மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். 'ஒரு மேனேஜருக்கு அவரைப் பிடிக்கவில்லை' என்று பொய் சொல்லியிருந்தால்கூட அவருக்கு வேலை கிடைத்திருக்கும். ஊரே இயந்திரத்தைத் திட்டியபோது நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இயந்திரத்தை நம்புகிறவள் கேட்டபோதும் அதே இடத்தில்தான் போய் ஒளிந்தேன்.

நேற்று லூர்து கூப்பிட்டார். பின்னால் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது.

"அவிய போன் பண்ணுனாவளா மேடம்?"

"இன்னும் இல்லண்ணே."

"வேல கூடுதலா இருக்கும் போல. பண்ணுவாவ. நீங்க கேட்டா நல்லபடியாத்தான் சொல்லுவியன்னு வீட்டுல சொல்லியிருக்கேன். போன மட்டும் பக்கத்துலயே வச்சிக்கிடுங்க, என்ன?"

"சரிண்ணே" என்றேன்.